கதவுல ஒட்டாத முகம்

லோம்
அக்டோபர் 21, 2001

லூபென்,

போன் பண்ணிப் பண்ணி என் விரல் தேஞ்சு போச்சு. அந்தப் பக்கம் மணி அடிக்குது, நீ எடுக்கல. சரி, பேனாவை எடுத்துட்டேன். எனக்கு எழுத வராது. ஸ்கூல்ல என் கட்டுரையெல்லாம் வெசெலாதான் எழுதித் தருவா, என்னைவிடச் சின்னவளா இருந்தும். அக்கா பொய்யாவது ஒழுங்கா சொல்லட்டும்னு சொல்லிச் சிரிப்பா.

என் தங்கச்சியோட நாப்பதாம் நாளுக்கு நீ வரல. கல்லறையில நானும் மெதோதியும் தெருக்காரங்களும்தான். கோதுமையை வேகவெச்சு சர்க்கரை தூவி எடுத்துட்டுப் போனேன். வாங்கிக்கிட்ட எல்லாரும் "கடவுள் அவளை மன்னிக்கட்டும்"னாங்க, வாய் மூடறதுக்குள்ள "புருஷன் எங்க?"ன்னாங்க. சோஃபியாவுல டிராம் கம்பி அறுந்துடுச்சு, அவன் இல்லைன்னா ஊரே நின்னுடும்னேன். என் புருஷன் மெதோதியே என்னைத் திரும்பிப் பாத்தான்.

அதைக்கூட விடறேன். அஞ்சலி நோட்டீஸ் ஒரு கட்டு பஸ் டிரைவர்கிட்ட கொடுத்து அனுப்பினேனே. உங்க வாசல் கதவு, அவ நர்ஸா இருந்த பல் டாக்டர் வீட்டுக் கதவு, டிராம் ஸ்டாப்புன்னு ஒட்டச் சொல்லி. நீ ஒண்ணும் ஒட்டல. மேல் வீட்டு ஸ்டெஃப்காவுக்குப் போன் போட்டா அவ சொல்றா, அவளாவது செய்யணுமேன்னு உன்கிட்ட ஒண்ணு கேட்டு வாங்கி வாசல்ல ஒட்டினாளாம். மறுநாள் காலையில நீ வேலைக்குப் போற வழியில நின்னு அதை நகத்தால சுரண்டி எடுத்து, மடிச்சுப் பாக்கெட்ல வெச்சுக்கிட்டியாம். துக்கத்துக்குக் கதவுல கட்டின கறுப்பு ரிப்பனையும் அவுத்துட்டியாம்.

நம்ம ஊர்ல கட்சி நோட்டீஸைக் கிழிப்பாங்க, சர்க்கஸ் நோட்டீஸைக் கிழிப்பாங்க. செத்தவங்க நோட்டீஸ்ல குடிகாரன்கூட கை வைக்க மாட்டான். மழைதான் அதை எடுக்கணும்.

நோட்டீஸ்ல போட்ட படம் பிடிக்கலையா? தோள் மேல ஒரு சின்னக் கை தெரியுது, அம்மாவைக் கட்டிக்கிட்டு நின்ன ராடாவோடது. அதை எடுக்கச் சொன்னேன். கையை வெட்டினா தோளும் போயிடும்னான் பிரிண்டர்காரன். சரி இருக்கட்டும்னுட்டேன். அதுக்குக் கோவமா?

என்ன கோவம்னு எழுது. என்மேல காட்டு, தாங்கிப்பேன். அவமேல காட்டாதே.

குழந்தைக்கு என் முத்தம். பெரியம்மாவைக் கேக்குறாளா?

டோன்கா


சோஃபியா
நவம்பர் 6, 2001

டோன்கா அக்கா,

கிழிச்சது நான்தான். படம் நல்லா இருக்கு. அதனாலதான் கிழிச்சேன். ராடாவுக்கு எழுத்து தெரியாது, முகம் தெரியும்.

அவளுக்கு நான் இன்னும் சொல்லல. லோமுக்குக் கிளம்பின அன்னைக்கு ஸ்டேஷன்ல வெசெலா ரயில் ஜன்னல் வழியா "அக்காவுக்கு மிளகாய்த் தொக்கு போட ஒத்தாசை பண்ணிட்டு ஜாடியோட வந்துடுவேன்"னு சொன்னா. ராடா அதைப் பிடிச்சுக்கிட்டா. நான் அடக்கத்துக்கு வந்தப்போ அவ மேல் வீட்டுல அம்மை போட்டுப் படுத்திருந்தா. திரும்பி வந்து கதவைத் திறந்ததும் முதல்ல கேட்டது "தொக்கு முடிஞ்சுதா?"தான். இன்னும் இல்லைன்னேன். அதுக்கப்புறம் எந்த நாள்ல ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. நர்சரியில டீச்சர்கிட்டயும், மேல் வீட்டுலயும் வாயைத் திறக்க வேண்டாம்னு சொல்லி வெச்சிருக்கேன்.

போன் ஒயரைப் பிடுங்கி வெச்சிருக்கேன். காரணம் உங்களுக்குத் தெரியும். அடக்கம் ஆன வாரம் நீங்க கூப்பிட்டீங்க, ராடா எடுத்தா. போன்ல உங்க குரலும் வெசெலா குரலும் ஒண்ணுதான், நானே ஏமாந்திருக்கேன். அவ "அம்மா"ன்னா. நீங்க எதுவும் சொல்லாம வெச்சுட்டீங்க. குத்தமா சொல்லல. ஆனா அம்மா பேச வந்தா, லைன் கட்டாயிடுச்சுன்னு அவ முடிவு பண்ணிட்டா. போன் பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உக்காந்துட்டா. யார் கூப்பிட்டாலும் "அம்மா". டெப்போவுலேர்ந்து கூப்பிட்ட ஃபோர்மேன் பாவம், "இல்லம்மா, நான் குண்டா ஒரு மாமா"ன்னு சொல்லியிருக்கான்.

லைன் கெட்டுப் போச்சுன்னு சொன்னேன்.

"நீதான் ஒயர் வேலை பாக்குறியே, சரி பண்ணேன்."

"அது வேற ஒயர்"னேன்.

ஞாயித்துக்கிழமை வீட்ல இருக்க முடியல. அவளைக் கூட்டிக்கிட்டு ஏதாவது டிராம்ல ஏறி கடைசி ஸ்டாப் வரைக்கும் போறேன். அங்கேர்ந்து நடக்கறோம். பத்து வருஷமா இந்த ஊர்ல டிராம் கம்பி வேலை பாக்குறேன், ஊரை மேலேர்ந்துதான் பாத்திருக்கேன். கம்பி, கொக்கி, பீங்கான். எந்தத் தெருவுல எந்தப் படிக்குக் கீழ பன்னு விக்கிறாங்கன்னு வெசெலாவுக்குத்தான் தெரியும். ராடா எதையாவது காட்டி என்னன்னு கேட்டா, நான் மேல கம்பியைப் பாத்து அறுநூறு வோல்ட்டுன்னு சொல்றேன். அவ அதை இப்போ பாட்டா பாடறா.

ஒரு விஷயம் நான் யோசிச்சுப் பாக்கல. எந்தத் தெருவுல போனாலும் கதவுக்குக் கதவு நோட்டீஸ். நாப்பது நாள், ஒரு வருஷம், பத்து வருஷம். நாம பழகிட்டதால கண்ணுல படறதில்ல. அவ ஒவ்வொண்ணுக்கும் நிக்கறா. வெசெலாவும் நிப்பாளாம். "இவரு கடவாப்பல்லைப் பிடுங்கினப்போ தலையைப் பிடிச்சுக்கிட்டது நான்தான், என்ன கத்துக் கத்தினாரு தெரியுமா"ன்னு படத்தைப் பாத்து சொல்லுவாளாம். எனக்குத் தெரியாது. என்கிட்ட சொன்னதில்ல.

"இவங்கெல்லாம் யாருப்பா?"ன்னு கேட்டா.

"வெளியூர் போனவங்க"ன்னேன். "மறந்துடக் கூடாதுன்னு வீட்டுக்காரங்க படம் ஒட்டி வெப்பாங்க."

வாயில அதுதான் வந்துச்சு. சரின்னு நடந்தா.

நீங்க நோட்டீஸ் அனுப்ப வேண்டாம். தொக்கு இருந்தா அனுப்புங்க. சுரண்டி எடுத்தது என் வேலைச் சட்டைப் பாக்கெட்லதான் இருக்கு. தூக்கிப் போடல.

லூபென்


லோம்
நவம்பர் 18, 2001

லூபென்,

உன் கடுதாசியை நின்னுக்கிட்டே படிச்சேன், அப்புறம் உக்காந்து படிச்சேன். மெதோதிக்குப் படிச்சுக் காட்டினேன். அவன் எழுந்து தோட்டத்துக்குப் போயிட்டான், குளிர்ல அங்க அவனுக்கு ஒரு வேலையும் இல்ல.

வெளியூர் போனவங்களா? கம்பியில கரண்ட் இருக்கா இல்லையான்னு மீட்டர் வெச்சுப் பாப்பியே, நீ சொல்ற பேச்சு எங்க போய் முட்டும்னு பாக்க ஒரு மீட்டர் வெச்சுக்கக் கூடாதா? வெளியூர் போனவன் திரும்பி வருவான், மாப்ளே. அது அஞ்சு வயசுக்குத் தெரியும். உனக்குத்தான் தெரியல.

போனை வெச்சது நான்தான். "இல்ல கண்ணு, பெரியம்மா"ன்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும். அவ அம்மான்னு கூப்பிட்டப்போ வெசெலா எனக்குப் பின்னாடி நின்னு எட்டிப் பாக்குற மாதிரி இருந்துச்சு. நான் பேசினா போயிடுவான்னு தோணிச்சு. வெச்சுட்டேன். நீ குத்தமா சொல்லலைன்னு எழுதியிருக்கே. சொல்லு. சொன்னா நல்லாத்தான் இருக்கும்.

பஸ்காரன்கிட்ட தொக்கு ஜாடிகள் கொடுத்திருக்கேன், உடையாம இறக்கச் சொல்லு. இது வெசெலா கையால தோல் உரிச்ச மிளகாய், உப்பும் அவ சொன்ன அளவுதான். அவ எப்படிப் போனான்னு நீ என்னைக் கேக்கவே இல்ல, கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். அடக்கத்துக்கு வந்தே, பெட்டியைத் தூக்கினே, ஒரு வாய் சூப்புகூடக் குடிக்காம கடைசி பஸ்ல போயிட்டே. அதனால இப்போ நானே சொல்றேன், படிக்க இஷ்டம் இல்லைன்னா இங்க நிறுத்திக்கோ.

வீட்டு முற்றத்துல அடுப்பு வெச்சிருந்தோம். நான் சுடறேன், அவ தோல் உரிக்கிறா. கையெல்லாம் கரி. மெதோதி மூக்குல கரிக் கையால ஒரு கோடு இழுத்துட்டு, இப்போதான் லட்சணமா இருக்கீங்கன்னா. கொஞ்ச நேரம் கழிச்சு தலை வலிக்குதுன்னு கவுத்துப் போட்ட மரப்பெட்டி மேல உக்காந்தா. "அக்கா, அடுப்பைப் பாரு, தீயுது"ன்னா. நான் திரும்பி மிளகாயைப் புரட்டினேன். மறுபடி இந்தப் பக்கம் திரும்பினப்போ சாஞ்சிருந்தா. அதுக்கப்புறம் ஆஸ்பத்திரியில ரெண்டு நாள், குழந்தை அம்மையில கிடந்ததால நீ வர முடியாத ரெண்டு நாள், ஆனா பேசல. அதான் அவ கடைசியாப் பேசினது. மிளகாய் தீயலை, லூபென். சரியாத்தான் வந்திருக்கு.

குழந்தைகிட்ட சொல்லு. நீ சொல்லணும். கடையில நிக்கிற எவளோ சொல்றதுக்கு முன்னாடி.

டோன்கா


சோஃபியா
ஜனவரி 20, 2002

டோன்கா அக்கா,

பதில் போட லேட்டாயிடுச்சு. நீங்க எழுதினதைப் பல தடவை படிச்சேன். மூக்குல கோடு இழுத்ததை அதிகமா.

நான் எப்படி இருக்கேன்னு மெதோதி அண்ணன் ரெண்டு வரி சேத்து எழுதியிருந்தாரு புது வருஷ அட்டையில. அவருக்கு இப்படிச் சொல்லுங்க. எங்க லைன்ல சில இடத்துல கம்பியில கரண்ட் இருக்காது, ஒரு பகுதிக்கும் அடுத்ததுக்கும் நடுவுல. அங்க டிரைவர் கையை எடுத்துடணும். உள்ள விளக்கு அணையும், வண்டி பழைய வேகத்துல தானா உருண்டு தாண்டும். நான் உருண்டுக்கிட்டிருக்கேன். தாண்டற இடம் கொஞ்சம் நீளமா இருக்கு.

நீங்க சொன்ன மாதிரி என் பேச்சு வந்து முட்டிடுச்சு. ஜாடி வந்த அன்னைக்கு ரொட்டியில தடவிக் கொடுத்தேன். ஒரு வாய் வெச்சதும் "அம்மாது"ன்னா. எப்படித் தெரியும்னேன். பெரியம்மாது உப்பாம். கோவிச்சுக்காதீங்க. தின்னு முடிச்சுட்டு விரலை நக்கிக்கிட்டே, "தொக்கு வந்துடுச்சு. அப்போ வேலை முடிஞ்சுது. ஏன் அம்மா வரல?"ன்னா. இன்னும் பாக்கி மிளகாய் இருக்குன்னேன். குளிர்காலத்துல மிளகாய் ஏதுன்னு அவ கேக்கல. கேக்காம என்னைப் பாத்தா.

ஞாயித்துக்கிழமை இப்போ அவதான் எங்க போகணும்னு சொல்றா. நான் பின்னாடி போறேன். தெருவோர ஊத்துச் சுடு தண்ணிக் குழாய்ல பாட்டிலை நிரப்பறது, சிங்கப் பாலத்துல நாலு சிங்கச் சிலைக்கும் மூக்கைத் துடைச்சு விடறது, நடைபாதை மட்டத்துல ஜன்னல் வெச்ச கீழ்த்தளக் கடையில அவ குனியாமலே வாங்கறது, நான் மண்டி போடறது. ஒரு கடைக்காரி, "பாப்பா, உங்கப்பாவுக்கு மேல என்ன தெரியுது, வானமா?"ன்னு கேட்டா. "அறுநூறு வோல்ட்"னா ராடா. அந்தம்மா சிரிச்ச சிரிப்புல எனக்கு ஒரு பன்னு சும்மா கிடைச்சுது. இதெல்லாம் வெசெலா நடந்த வழிதான். ராடா காலுக்கு ஞாபகம் இருக்கு.

வழியெல்லாம் நோட்டீஸ்ல இருக்கிற முகங்களுக்குப் பேர் வெச்சிருக்கா. மருந்துக் கடைக்குப் பக்கத்துக் கதவுல மீசைத் தாத்தா. பாலத்துக்கு இந்தப் பக்கம் தொப்பி அத்தை. பேக்கரி முன்னாடி மரத்துல ரெட்டைக் கண்ணாடி மாமா. போனதும் வணக்கம் சொல்லுவா, "இன்னும் வரலையா?"ன்னு கேப்பா. ஜனங்க திரும்பிப் பாக்குறாங்க. நான் பூட்ஸுக்கு நாடா கட்டற மாதிரி குனிஞ்சுக்கறேன்.

போன வாரம் பனி பெஞ்சு உருகினதுல மீசைத் தாத்தா தாள் போயிடுச்சு. கதவுல நாலு மூலைப் பசை மட்டும் இருக்கு. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு, அழுவாளோன்னு. அவ கையைத் தட்டினா.

"வந்துட்டாருப்பா!"

மேல பாத்தா. ரெண்டாவது மாடி ஜன்னல்ல விளக்கு எரிஞ்சுது. கையை ஆட்டினா. உள்ள கறுப்புத் துணி போட்ட ஒரு அம்மா நின்னுக்கிட்டிருந்தாங்க. அவங்க யார் என்னன்னு எனக்குத் தெரியும், நோட்டீஸ்ல அடியில மனைவின்னு போட்டுப் பேர் இருந்துச்சு. அவங்களும் கையை ஆட்டினாங்க. ரொம்ப நேரம் ஆட்டினாங்க.

ராடாவோட டிராம்ல திரும்பினேன். நம்ம ஸ்டாப்புல இறங்கி, வாசல் கதவு முன்னாடி நின்னுட்டா. கதவையே பாத்தா.

"எல்லாரும் படம் ஒட்டியிருக்காங்க. நீ ஒட்டவே இல்ல. அதான் அம்மா வரல."

அக்கா, இதுக்கு என்ன சொல்றது?

லூபென்


லோம்
பிப்ரவரி 12, 2002

லூபென்,

உன் கடைசி வரிக்கு எனக்குப் பதில் தெரியும், உனக்கும் தெரியும். அதை எழுத மாட்டேன்.

மார்ச் ரெண்டாம் தேதி ஆறு மாசம் ஆகுது. நோட்டீஸ் அடிச்சாச்சு, அதே படம். கையை இந்தத் தடவை வெட்டச் சொல்லல. இங்க ஒட்ட வேண்டியது நான் ஒட்டிக்கறேன். உனக்கு ஒரு கட்டு இதோட வெச்சிருக்கேன். திரும்பவும் சுரண்டணும்னா சுரண்டு, உன் கதவு, உன் நகம்.

குழந்தையைக் கூட்டிக்கிட்டு அன்னைக்குக் கல்லறைக்கு வா. வர மாட்டேன்னா நான் சோஃபியாவுக்கு வரேன். கோதுமையை மெதோதி பாத்துப்பான். வந்து ராடாவை மடியில வெச்சு நானே சொல்லிடறேன். உன்னை மிரட்டல. அவ உன்னைக் கேக்காம பாத்தான்னு எழுதியிருக்கே பாரு, அந்த இடத்துலேர்ந்து எனக்குத் தூக்கம் இல்ல. அவளுக்குப் பாதி தெரியும், லூபென். மீதிப் பாதியை அவ தனியா தூக்கிக்கிட்டு உன் பின்னாடி நடக்கறா, நீ அவ பின்னாடி நடக்கறதா நெனச்சுக்கிட்டிருக்கே.

என் தொக்கு உப்பாம். இருக்கட்டும். சின்ன வயசுலேர்ந்து அவ அம்மாவும் அதைத்தான் சொன்னா.

டோன்கா


சோஃபியா
பிப்ரவரி 19, 2002

அக்கா,

வராதீங்க. கோதுமையை நீங்களே பாருங்க, மெதோதி அண்ணன் கரிய வெச்சுடுவாரு.

நான் சொல்றேன்.

லூபென்


சோஃபியா
மார்ச் 4, 2002

டோன்கா அக்கா,

நடந்ததை நடந்த மாதிரியே எழுதறேன். வேலையில லைன் அறுந்தா ரிப்போர்ட் எழுதுவோம், அந்த மாதிரி. வேற மாதிரி எழுத வராது.

வெள்ளிக்கிழமை சொல்லிடணும்னு இருந்தேன், சொல்லல. சனிக்கிழமை காலையில நோட்டீஸ் கட்டைப் பிரிச்சு மேஜை மேல வெச்சேன். ராடா பாத்தா. சந்தோஷப்பட்டா, அக்கா. அதை எழுதாம விடக் கூடாது. ஓடிப் போய் பூட்ஸை இடம் வலம் மாத்திப் போட்டுக்கிட்டு வந்து நின்னா. "டேப் நான் தூக்கறேன்"னா. அந்த முகத்தைப் பாத்து என்னால சொல்ல முடியல. சரி, போற வழியில சொல்லலாம்னு கிளம்பிட்டேன்.

முதல்ல நம்ம வாசல் கதவு. நான் ஒட்டினேன், அவ பல்லால டேப்பைக் கடிச்சுக் கொடுத்தா. மேல் வீட்டு ஸ்டெஃப்கா மாடிப்படியில இறங்கி வந்தவங்க அப்படியே நின்னுட்டாங்க. மேல போய் கறுப்பு ரிப்பனோட வந்தாங்க. அக்டோபர்ல நான் அவுத்துப் போட்டதையே எடுத்து வெச்சிருந்திருக்காங்க. ராடா அதைப் பாத்து, "அம்மாவுக்குக் கறுப்பு பிடிக்காது"ன்னா. இருக்கட்டும்னு கட்டினோம்.

பல் டாக்டர் வீட்டுக் கதவுல ஒண்ணு. அப்புறம் ராடா என்னைச் சிங்கப் பாலத்துக்குக் கூட்டிட்டுப் போனா. "இங்க நிறைய பேர் இருக்காங்க, அம்மாவுக்குத் துணை"ன்னு தொப்பி அத்தைக்குப் பக்கத்துல இடம் காட்டினா. ஒவ்வொரு இடத்துலயும் நான் வாயைத் திறந்தேன். ஒவ்வொரு இடத்துலயும் டேப் வேணுமான்னு கேட்டா. வேணும்னேன்.

கடைசியா ஸ்டேஷன். "ரயில்லேர்ந்து இறங்கினதும் அம்மா முதல்ல இதைத்தான் பாக்கணும்"னா. வெளிய இருக்கிற பலகையில மேல இடமே இல்ல, ஒண்ணு மேல ஒண்ணா ஒட்டியிருந்துச்சு. கீழதான் இடம். அவ உயரத்துக்கு ஒட்டினோம். அவளே நாலு மூலையையும் அமுக்கினா.

பையோட ஒரு அம்மா வந்தாங்க, முட்டைக்கோஸ் தூக்கிக்கிட்டு. நின்னு குனிஞ்சு படிச்சாங்க. "ஐயோ, என்ன சின்ன வயசு"ன்னு சிலுவை போட்டுக்கிட்டு, "கடவுள் இவளை மன்னிக்கட்டும்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

ராடா அவங்க போறதையே பாத்தா. அப்புறம் என்னைப் பாத்தா.

"அம்மா என்ன தப்பு பண்ணா?"

"ஒண்ணும் பண்ணல."

"பின்ன ஏன் மன்னிக்கணும்?"

"சும்மா சொல்றது அது."

"தப்பு பண்ணதாலதான் வர மாட்டேங்கறாளா? நீ திட்டினியா?"

வெசெலா மேல அப்படி ஒரு பேர் நிக்கிறதை என்னால பாத்துக்கிட்டிருக்க முடியல, அக்கா. வேற எதுக்கும் வராத வார்த்தை அதுக்கு வந்துடுச்சு.

"அம்மா ஒரு தப்பும் பண்ணல. செத்துப் போனவங்க எல்லாருக்கும் அப்படித்தான் சொல்வாங்க. நல்லவங்களுக்கும் சொல்வாங்க."

சொல்லி முடிச்சப்புறம்தான் என்ன சொன்னேன்னு எனக்கே காதுல விழுந்துச்சு.

அவ அழல. பலகைப் பக்கம் திரும்பினா. அவ கண்ணுக்கு நேரா படம். ரொம்ப நேரம் பாத்துட்டு, தோள்கிட்ட விரலை வெச்சா.

"இது என் கை."

"ஆமா."

"நானும் செத்துட்டேனா?"

நான் மண்டி போட்டு உக்காந்துட்டேன், அந்தக் கீழ்த்தளக் கடை ஜன்னல் முன்னாடி உக்கார்ற மாதிரி. "இல்ல. நீ இங்க இருக்கே. கையைக் காட்டு." கையுறையைக் கழட்டிக் காட்டினா. பேப்பர்ல இருக்கிற கை மேல வெச்சுப் பாத்தா. மூடிடுச்சு.

"பெருசாயிடுச்சு"ன்னா.

"பெருசாயிடுச்சு."

அங்கயே எல்லாத்தையும் சொன்னேன். ஜனங்க எங்களைச் சுத்திக்கிட்டு நடந்தாங்க. தலைக்குள்ள மெல்லிசா ஒரு குழாய் இருக்கும், அது உடைஞ்சிடுச்சுன்னு சொன்னேன். வலிச்சுதான்னு கேட்டா. கொஞ்சம்னேன், அப்புறம் தூங்கிட்டான்னேன். மெதோதி பெரியப்பா மூக்குல கோடு இழுத்ததைச் சொன்னேன். அப்போ சிரிச்சா. சிரிச்சுட்டு, "நீ போயிருந்தா சரி பண்ணியிருப்பியா?"ன்னு கேட்டா.

கையுறையை அவளுக்கு மாட்டி விட்டேன். அவளே சொன்னா.

"அது வேற ஒயரா?"

"ஆமா. வேற ஒயர்."

திரும்பி வர்றப்போ ஜன்னல் ஓரமா உக்காந்தா. ஒவ்வொரு ஸ்டாப்புலயும் கேட்டா.

"தொப்பி அத்தையுமா?"

"அவங்களும்."

"ரெட்டைக் கண்ணாடி மாமா?"

"அவரும்."

"மீசைத் தாத்தா வந்துட்டாரே."

"வரல, ராடா. தாள் பனித் தண்ணியில போயிடுச்சு."

அதுக்குத்தான் அழுதா. மீசைத் தாத்தாவுக்கு. மூச்சு விடாம அழுதா, டிராமே திரும்பிப் பாத்துச்சு. ஒரு பெரியவர் சீட்டுலேர்ந்து எழுந்து வந்து வால்நட் ஒரு கைப்பிடி அவ பாக்கெட்ல போட்டுட்டுப் போனாரு. நானும் அழுதேன், அக்கா. எனக்கும் மீசைத் தாத்தாவுக்காகத்தான் வந்துச்சு, வேற யாருக்காகவும் இன்னும் வரல. வந்தா எழுதறேன்.

கடைசி ஸ்டாப்புக்கு முன்னாடி மூக்கை உறிஞ்சிக்கிட்டே கேட்டா. "அப்போ ஜன்னல்ல கை ஆட்டினாங்களே, அவங்க?"

"அவங்க உயிரோட இருக்காங்க. அவரோட வீட்டுக்காரம்மா."

"தனியாவா?"

"தனியா."

"அடுத்த ஞாயித்துக்கிழமை அங்க போகணும்"னா. சரின்னேன்.

வாசல்ல நின்னு நம்ம கதவுல இருக்கிற படத்தைப் பாத்தா. மத்தவங்களுக்குச் சொல்ற மாதிரி அதுக்கு வணக்கம் சொல்லல. "இன்னும் வரலையா"ன்னும் கேக்கல. மேல வந்தோம். ரொட்டியில தொக்கு தடவினேன், கடைசி ஜாடி அது. பாதி ஜாடி இருக்கிறப்போ மூடியைப் போட்டு மூடிட்டா. "தீந்துடக் கூடாது"ன்னா. அலமாரியில மேல வெக்கச் சொன்னா, அவளுக்கு எட்டாத இடத்துல. வெச்சேன். எனக்கு எட்டும், ஆனா தொட மாட்டேன்.

நேத்து காலையில போன் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தா. ஸ்டூல் போடல.

"லைன் கெடல, இல்ல?"

"இல்ல. நான்தான் பிடுங்கினேன்."

"நான் அம்மான்னு சொல்வேன்னா?"

"ஆமா."

ஒயரோட முனையைக் கையில வெச்சுப் பாத்துட்டு, சொருகறதுக்கு ஓட்டை எதுன்னு கேட்டா. காட்டினேன். அவளே சொருகினா. காதுல வெச்சுப் பாத்து, "சத்தம் வருது"ன்னா.

ஈஸ்டருக்கு லோம் வரோம், ராடாவுக்கு அம்மா கல்லறையைப் பாக்கணுமாம். அதுக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கூப்பிடுங்க, நாங்க அதுக்குள்ள வீட்டுக்கு வந்துடுவோம். அவதான் எடுப்பா, என்னை எடுக்க விட மாட்டா. உங்க குரல் எப்படி இருக்கும்னு அவகிட்ட சொல்லி வெச்சிருக்கேன். தெரியும்னு சொல்றா. ஆனாலும் எடுத்ததும் முதல்ல உங்க பேரைச் சொல்லிடுங்க, அக்கா. அப்புறம் பேசுங்க.

லூபென்